வாசக்காலுக்கு அடியில் ஒரு சேவல்

தச்சர் ஏழுமலை கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாசக்கால் மாற்றுகிற வேலைக்கு எந்தப் பெண்ணாவது இப்படிப் பயப்படுவாளா? நான் பயந்தேன்.

வாசக்காலைக் கரையான் தின்றிருந்தது. வெளியே பார்த்தால் பச்சைப் பெயின்ட் அடித்த தேக்கு. விரலால் அமுக்கினால் பிஸ்கட். மழைக்காலம் வருவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று முடிவாகி, புது நிலை செய்து சந்தனம் பொட்டு எல்லாம் வைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம்.

நான் போட்டிருந்த திட்டம் இதுதான். என் வீட்டுக்காரர் காலையில் சைக்கிளில் பாகூர் பக்கம் வேலைக்குப் போய்விடுவார். அவர் போனதும் ஏழுமலை பழைய நிலையைப் பெயர்ப்பான். வலது கால் நிற்கிற குழியில் ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். அதை யாரும் பார்ப்பதற்குள் நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வேன். அவ்வளவுதான்.

"இன்னாங்க, கெளம்பலையா?" என்றேன்.

"லீவு போட்டுட்டேன்" என்றார் அவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. "வாசக்கால் வெக்கிற அன்னிக்கி வூட்ல ஆம்பள இல்லன்னா எப்பிடி?"

பதினேழு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத மனுஷர். மாதாவே, இன்றைக்கா இவருக்கு வீட்டு ஞாபகம் வர வேண்டும்!

கரண்ட்டுக்காரரின் நோட்டு

சென்ற வாரங்களில் அவருடைய சைக்கிளைப் பற்றி எழுதியபோது, "உங்கள் கணவர் சவரிமுத்து அப்படி என்னதான் வேலை பார்த்தார்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மீட்டர் ரீடர். வில்லியனூரிலிருந்து பாகூர் வரை வீடு வீடாகப் போய், வாசலில் மாட்டியிருக்கிற கரண்ட் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிற வேலை. அறுபதுகளில் கிராமங்களுக்குக் கரண்ட் வந்த புதிதில் அந்த வேலைக்கு இருந்த மரியாதையைச் சொன்னால் இப்போது நம்ப மாட்டீர்கள். மோர் கொடுப்பார்கள். வேர்க்கடலை அவித்துக் கொடுப்பார்கள். "எங்க மீட்டர் கொஞ்சம் வேகமா ஓடுதுங்க, அத்தக் கண்டிச்சி வெய்ங்க" என்பார்கள்.

அப்படிப் போன இடத்தில்தான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது.

பாகூர்க் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. தராசில் ஒரு தட்டு லேசாகத் தூக்கலாக இருந்ததால், சமன் செய்வதற்காக அதற்கு அடியில் ஒரு பழைய செம்புக் காசை மெழுகு வைத்து ஒட்டியிருந்தார்கள். மீட்டரைப் பார்த்துவிட்டு, விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தவர் தட்டுக்கு அடியில் தமிழ் எழுத்தைப் பார்த்திருக்கிறார். 'புதுச்சேரி' என்று எழுதியிருந்ததாம். வெள்ளைக்காரன் அடித்த காசில் தமிழ்! கடைக்காரரோ, "அத்த எடுத்துட்டா என் தராசு கெட்டுப்பூடும் சார், அங்கயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். இவர் மண்டி போட்டு உட்கார்ந்து, மெல்லிய தாளைக் காசின் மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து அப்படியே அச்சு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். காசு வாங்க மாட்டார். வாங்க எங்களிடம் வசதியும் கிடையாது. பார்ப்பார், தேய்ப்பார், திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். அந்தத் தாள்களை நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே காசு, ஊர், வீட்டுக்காரர் பெயர், பார்த்தது என்று கோடு போட்டு எழுதி வைப்பார்.

ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டேன். "பெட்டியத் தொறந்து காசக் காட்டினது பூரா பொம்பளைங்க. பேரு மட்டும் ஆம்பள பேரா எழுதி வெச்சிருக்கீங்களே, இது இன்னா நாயம்?"

"மீட்டர் யாரு பேர்ல இருக்குதோ அவுங்க பேருதான் எழுதணும்" என்றார். கரண்ட் ஆபீஸ் சட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்துவிட்ட ஆள்.

எங்கெங்கெல்லாம் ஒளித்தார்கள்

இந்த ஊர் ஜனங்கள் காசை ஒளித்து வைத்த இடங்களைப் பற்றி மட்டுமே நான் பத்து வாரம் எழுதலாம். அவர் சாயந்திரம் வந்து கை கால் கழுவும்போதே கதை ஆரம்பமாகிவிடும்.

பனித்திட்டில் ஒரு மீன்காரர் வீட்டில் உப்புப் பானைக்குள். "காசு பச்சையாப் பூத்துப் போச்சி, எழுத்தே இல்ல" என்று சொந்தக்காரர் செத்துப்போன மாதிரி இவர் வருத்தப்பட்டார். இன்னொரு வீட்டில் குழந்தையின் அரைஞாண் கயிற்றில். அச்சு எடுக்கப் போனபோது அந்தப் பிள்ளை இவர் சட்டையை நனைத்துவிட்டது. ஒரு வீட்டில் அம்மிக்குக் கீழே. இன்னொரு வீட்டில் தாழ்ப்பாள் ஆடாமல் இருக்க ஆணிக்கு வாஷராக.

அவருக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். சார் வருகிறார் என்று தெரிந்ததும், மரியாதைக்காகக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நீட்டுவார்கள். "நூறு வருசத்துத் தோல உரிச்சிட்டீங்களேம்மா" என்று தலையில் கை வைத்துக்கொள்வாராம். நானும் அதே புளியால்தான் வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருப்பேன், வாயைத் திறக்க மாட்டேன்.

எனக்கு அந்தக் கதைகள் பிடிக்கும். உள்ளதைச் சொல்கிறேன். வில்லியனூர்ச் சந்தையையும் மாதா கோயிலையும் விட்டால் நான் வேறு எங்கே போனேன்? அவர் சைக்கிள் போன வீடுகளுக்குள்ளெல்லாம் நானும் நுழைந்து வந்த மாதிரி இருக்கும்.

இல்லாத ஒரு காசு

நோட்டில் ஒரு பக்கம் மட்டும் அச்சு ஒட்டாமல் காலியாக இருந்தது.

பாண்டியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிப்பாய் இருந்தார், சொல்தா என்போம். அவர்தான் இவரிடம் சொன்னார்: "எல்லாம் பாத்தியே, சேவல் துட்டுப் பாத்தியா? ஒரு பக்கம் சேவல், மறுபக்கம் நம்ம எழுத்து. கொஞ்சந்தான் அடிச்சாங்க. வெச்சிருக்கிறவன் வெளிய காட்ட மாட்டான்."

வீட்டுக்கு வந்து நோட்டை விரித்து, அவர் சொன்னபடியே ஒரு சேவல் படம் போட்டார். நான் அடுப்பில் சங்கரா மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

"அதுக்குக் கொண்ட இருக்குமா?" என்றேன்.

"சேவலுக்குக் கொண்ட இல்லாம இன்னா இருக்கும்?"

"வாலு தூக்கிக்கினு இருக்குமா?"

"உனக்கு இன்னாடி அவ்ளோ அக்கற? மீனு கருகுது பாரு."

மீன் கருகித்தான் போனது. அன்றைக்குக் கருகியது தெரியாமலே தின்றோம். அவர் சேவல் நினைப்பில் இருந்தார், நான் வாசக்கால் நினைப்பில் இருந்தேன்.

நான் செய்த கஞ்சத்தனம்

இப்போது பின்னால் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அந்த வீட்டைக் கட்டினோம். எங்கள் பக்கத்தில் வாசக்கால் வைப்பதென்றால் சின்னக் காரியம் இல்லை. வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் ஆனாலும் சரி, மற்றவர்கள் ஆனாலும் சரி, நிலை நிற்கிற குழியில் மஞ்சள் துணியில் நவதானியமும் ஒரு வெள்ளிக் காசும் முடிந்து வைப்போம். நாங்கள் கூடவே ஒரு லூர்து மாதா பதக்கமும் வைப்போம். முடிச்சுக் கட்டுவது பெண்கள் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்கள் கேட்கக் கூடாது. நிலை நிற்கிற வரை வைத்ததை எடுக்கவும் கூடாது, எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

வெளியே பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். உள்ளே என் சின்னம்மா, "வெள்ளி ரூபா ஒண்ணு எடுத்துக்கினு வா செசீலி" என்றாள்.

என்னிடம் ஒரே ஒரு வெள்ளி ரூபாய்தான் இருந்தது. ராஜா தலை போட்டது. என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. அதை மண்ணில் புதைக்க எனக்கு மனசு வரவில்லை. டிரங்குப் பெட்டியின் மூலையில் ஒரு கறுத்த செம்புக் காசு கிடந்தது. அம்மா காலத்திலிருந்தே அந்தப் பெட்டியில் உருண்டுகொண்டிருந்த காசு. சின்னம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் செம்பைத் துணியில் போட்டு முடிந்துவிட்டேன்.

முடிகிற நேரத்தில் கண்ணில் பட்டது, அதில் ஒரு பறவை இருந்தது. கோழியா, மயிலா, கொக்கா? யார் பார்த்தார்கள்! மணி அடித்துவிட்டார்கள், நான் ஓடிப்போய்க் குழியில் வைத்துவிட்டேன். அதன் மேல் நிலை நின்றது. அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல்லும் நின்றன.

அந்த வெள்ளி ரூபாயைப் பல வருஷம் கழித்து இவரிடம் பெருமையாகக் காட்டினேன். "இதுவா? ஊர்ல பாதி வூட்ல இருக்குதே" என்று சொல்லிவிட்டுப் பல் குத்தப் போய்விட்டார்.

குருவிநத்தம் பெரிய மனுஷர்

சேவல் துட்டு ஓர் ஆளிடம் இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. குருவிநத்தத்தில் கலியபெருமாள் என்று ஒரு விவசாயி. ஆற்றோரம் கரும்பும் நெல்லுமாக நல்ல நிலம். பெரிய வீடு. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். மனைவி இறந்த பிறகு ஆள் தனியாக இருந்தார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இவர் அங்கே மீட்டர் பார்க்கப் போவார். மீட்டர் பார்க்க இரண்டு நிமிஷம். அங்கே உட்கார்ந்திருப்பது இரண்டு மணி நேரம். கரும்புச்சாறு வரும், மோர் வரும், ஆற்று மீன் குழம்போடு சோறே வரும். காசு மட்டும் வராது.

"இன்னிக்கி செவ்வாக்கிழமையாச்சே சார், பொட்டியத் தொறக்க மாட்டேன்" என்பார். வெள்ளிக்கிழமை போனால் வெள்ளிக்கிழமையும் ஆகாது. புதன்கிழமை போனால் கிருத்திகை. ஒரு தடவை சாவி சின்னப் பிள்ளையோடு நெய்வேலிக்குப் போய்விட்டது. ஒரு தடவை மருமகளுக்குக் குழந்தை பிறந்து தீட்டு. கரும்பு வெட்டு. கண் வலி. "அடுத்த தபா கண்டிப்பாக் காட்டுறேன் சார்."

நோட்டில் அந்தப் பக்கத்தில் இவர் எழுதி வைத்திருந்தார்: சேவல் துட்டு. குருவிநத்தம். கலியபெருமாள். பார்க்கவில்லை.

அந்த 'பார்க்கவில்லை' மேல் எத்தனை வருஷம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், தெரியுமா? "ஒரே ஒரு தபா பாத்தாப் போதும் செசீலி. எனக்கு அது வேணாம். கண்ணால பாத்துட்டாப் போதும்." சாப்பிடும்போது சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது சொல்வார். நான் தலையை ஆட்டிக்கொண்டே, அவரோடு சேர்ந்து அந்த வாசக்காலைத் தாண்டி உள்ளே போவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் அன்றைக்கே கடப்பாரையை எடுப்பார். எனக்கு அவரைத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் வயிற்றைக் கட்டி, செங்கல் செங்கல்லாக வாங்கிக் கட்டிய வீடு அது. வைத்ததை எடுத்தால் ஆகாது என்ற பயம் ஒரு பக்கம். வெள்ளிக்குப் பதில் செம்பை வைத்து வீட்டையே ஏமாற்றியவள் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். அதோடு, அது சேவலே இல்லை, கொக்கு என்றால்? இடித்த பிறகு கொக்கைப் பார்த்துவிட்டு அவர் முகம் எப்படி ஆகும்?

என் அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு நாள் கேட்டேன். "பொட்டியில கெடந்த காசா? அது ஏதோ பட்சி போட்டதுடி. எங்க அத்த பாண்டியில ஒரு வெள்ளக்காரி வூட்ல சமைக்கப் போனாளே, அவ கொண்டாந்தது. கோழியோ கொக்கோ யாரு கண்டா?" என்றாள்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தகவல். வாசல் கூட்டும்போது ஈர்க்குச்சியை எடுத்து நிலைக்கும் தரைக்கும் இடையில் விட்டுத் துழாவுவேன். எதிர் வீட்டுக்காரி, "இன்னா செசீலி, தோடு உளுந்துடுச்சா?" என்று கேட்பாள். ஆமாம் என்பேன். அவளும் வந்து குனிந்து தேடுவாள், பாவம்.

பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். "சாமி, புருஷன்கிட்ட ஒரு காச மறச்சிட்டேன்." சாமியார், நான் புருஷன் சட்டைப் பையில் கை வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். "பத்து அருள் நிறைந்த மரியே சொல்லும்மா. காச அவருகிட்டத் திருப்பிக் குடுத்துடு." பத்து ஜெபமும் சொல்லிவிட்டேன். காசு வாசக்காலுக்குக் கீழே இருக்கிறதே, எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் நற்கருணை அப்பம், அதுதான் நன்மை, வாங்க நாக்கை நீட்டும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கடப்பாரை

ஏழுமலை மூன்று நெம்பில் நிலையைப் பெயர்த்துவிட்டான். அவனும் கொத்தனாரும் சேர்ந்து அதைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். நான் குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ தள்ளும்மா, மேல மண்ணு உளுவுது."

"நான் எடுத்துக்கறேன் ஏழுமல. பொம்பளைங்க வெச்சது, பொம்பளதான் எடுக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் கையை உள்ளே விட்டு ஒரு மண் உருண்டையை வெளியே எடுத்துவிட்டான். துணி மக்கிப் போயிருந்தது. "அம்மா, ஒங்க காசு" என்றான்.

நான் கை நீட்டினேன். என் தலைக்கு மேலாக இன்னொரு கை நீண்டது.

"குடு இங்க. பழைய காசா இருக்கப்போவுது, பாத்துட்டுக் குடுக்கறேன்."

எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம் இப்படிக் கை நீட்டிய மனுஷர்! தொட்டித் தண்ணீரில் அந்த உருண்டையை அலசினார். முதலில் மாதா பதக்கம் பச்சையாக வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார். பிறகு காசு. பனியன் ஓரத்தால் ஒற்றி எடுத்து வெயிலில் பிடித்தார். "அட, நம்ம எழுத்து" என்றார். திருப்பினார்.

மணல் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பயத்தையும் மீறி ஆசை தாங்கவில்லை. எழுந்து போய் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கொண்டை இருந்தது. வால் இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது, சேவலேதான். மாதாவே, கொக்கு இல்லை!

"செசீலி."

"ம்."

"இது இங்க இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"சேவல்னு தெரியாது. சந்தேகம்."

"எப்பத்திலேருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பாண்டி சொல்தா சொன்னாருன்னு நீங்க படம் போட்டீங்களே, அன்னிலேருந்து."

"மீனு கருவுச்சே, அன்னிக்கா?"

"ஆமா."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப நம்ம பெரியவன் ஒண்ணாப்பு. இப்ப பாலிடெக்னிக் போறான்." காசையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இத்தினி வருசமா நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கினே இருந்தியேடி."

கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மெதுவாகச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். "சொன்னா நீங்க வாசக்கால ஒடச்சிடுவீங்க" என்றேன்.

"ஒடச்சிருப்பாரும்மா" என்றான் ஏழுமலை, யாரும் கேட்காமலே.

அவர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒடச்சித்தான் இருப்பேன்" என்றார்.

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, காசைப் பையில் போட்டு ஊக்குக் குத்திக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கலந்து வைத்த சிமென்ட் வீணாய்ப் போகிறது என்று கொத்தனார் கத்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வாசல் இல்லை. புருஷனும் இல்லை. நான் என் பழைய சேலை ஒன்றை வாசலில் திரையாகக் கட்டிவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். நாற்பது கிலோமீட்டர் மிதித்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"குருவிநத்தம் போயிருந்தேன். சேவல் துட்டு என் வூட்ல இருக்குதுன்னு சொன்னேன். காட்டு காட்டுன்னு உசிர வாங்கிட்டாரு."

"காட்டினீங்களா?"

"எங்க காட்டுறது? இன்னிக்கி செவ்வாக்கிழமையாச்சே" என்றார்.

அவர் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

புதன்கிழமை

மறுநாள் முதல் பஸ்ஸில் கலியபெருமாள் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு கட்டுக் கரும்பு. இத்தனை வருஷமாகப் பேச்சில் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஆளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

இவர் காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். பெரியவர் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இப்பிடித்தான் இருக்குமா!" என்றார்.

என் வீட்டுக்காரருக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. "இன்னாங்க இது, அப்ப உங்ககிட்ட இருக்கிறது?"

"என்கிட்ட ஏது சார்? எங்க அப்பா காலத்துல இருந்திச்சின்னு சொல்லுவாங்க. நான் பொட்டியக் கவுத்துத் தேடிட்டேன். இல்ல."

"பின்ன ஏங்க இத்தினி வருசமா..."

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊரு பூரா என்கிட்ட இருக்குதுன்னு சொல்லிடுச்சி. மொதல்ல அது ஒரு கெத்தா இருந்திச்சி. அப்பறம் நீ வர ஆரம்பிச்ச. இல்லன்னு சொல்லிட்டா, ரெண்டு நிமிசத்துல மீட்டரப் பாத்துட்டுப் போயிடுவ. அந்த வூட்ல நான் யாருகிட்ட சார் பேசுவேன்?"

இவர் எழுந்து போய்க் கரும்பை ஒடித்து, முதல் துண்டை அவருக்குக் கொடுத்தார்.

பிறகு நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்தார். காசின் மேல் தாளை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். கொண்டை வந்தது, அலகு வந்தது, வால் வந்தது. இரண்டு அச்சு எடுத்து ஒன்றைப் பெரியவருக்குக் கொடுத்தார். அவர் அதை நாலாக மடித்துப் பனியனுக்குள் வைத்துக்கொண்டார்.

"நேரமாவுது சார், குழியில வெக்கக் காசு குடுங்க" என்று ஏழுமலை குழிக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான்.

நான் உள்ளே ஓடிப்போய் அந்த வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்தேன். "இத்த வெக்கிறேங்க. அத நீங்க வெச்சிக்குங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவர் சேவலை என் கையில் வைத்து விரல்களை மூடினார். "நான் யாரு வூட்டுக் காசையும் எடுத்தாந்தது இல்லடி. பாத்துட்டு, இருந்த எடத்துலயே உட்டுட்டு வந்தவன். நீயே வையி."

வெள்ளியும் செம்பும் இரண்டையும் பழைய பதக்கத்தோடு புது மஞ்சள் துணியில் முடிந்து, நானே குழியில் வைத்தேன். இந்தத் தடவை யாரையும் ஏமாற்றவில்லை. பெரியவரும் ஒரு கை மணல் போட்டார். புது நிலை நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை கூச்சமில்லாமல் நன்மை வாங்கினேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் கடப்பாரையோடு வில்லியனூருக்குக் கிளம்பிவிடாதீர்கள். இப்போது அந்த வாசலில் என் மருமகள் காவல் இருக்கிறாள். அவள் வாய்க்கு முன்னால் உங்கள் கடப்பாரை நிற்காது.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, இவர் பாயில் கண்ணயர்ந்திருந்தார். நோட்டு பக்கத்தில் விரித்தபடியே கிடந்தது. அந்தப் பக்கத்தில் குருவிநத்தம் வரியை அவர் அடிக்கவில்லை, அப்படியே விட்டிருந்தார். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி.

எங்கள் வீட்டு மீட்டர் அவர் பெயரில்தான் இருந்தது. கடைசி வரை அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் அந்த வரி இப்படி இருந்தது:

சேவல் துட்டு. வில்லியனூர். செசீலி. பார்த்தேன்.